குணசேகரனுக்கு எட்டிக்கொட்டை! ஈஸ்வரிக்கு உப்பு! கோவில்பதாகை திண்ணையில் ஒரு "சீரியல் வைத்தியம்"

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஒரு வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் "கோர்ட்டு" கூடுகிறது.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் யார் தெரியுமா? ஆதி குணசேகரன், கோபி, "அண்ணியார்" காயத்ரி! ஆம், டி.வி. நாடகங்களில் வருகிற ஆசாமிகள்தான். வழக்கு நடக்கிறது. சாட்சி விசாரணை நடக்கிறது. தீர்ப்பும் சொல்லப்படுகிறது.

தண்டனை? ஜெயில் அல்ல. மாத்திரை!

சங்கிலி பறிப்பு, வீடு புகுந்து திருட்டு என்று எழுதிக் கொண்டிருப்பவன் நான். காணாமல் போன ஒரு ஸ்கூட்டரைப் பற்றி விசாரிக்கத்தான் அந்தத் தெருவுக்குப் போனேன். ஸ்கூட்டர் கிடைக்கவில்லை. இது கிடைத்தது.

நீதிபதி ஒரு பெரியவர். தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் பழுப்புக் காகிதம் அட்டை போட்ட தடிப் புத்தகம். ஹோமியோபதி மருந்துகளைப் பற்றிய தமிழ்ப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்: பூக் கட்டும் அம்மாள் ஒருவர், காலேஜில் படிக்கும் பெண், சென்ட்ரலில் இருந்து மின்சார ரெயிலில் வந்து இறங்கிய ஆபீஸ்காரர் ஒருவர் (பை இன்னும் தோளிலேயே தொங்கியது), தையல் மிஷின் வைத்திருக்கும் ஓர் அக்காள்.

"குணசேகரன் யாரு? சொல்லுங்க!" என்றார் பெரியவர்.

"எட்டிக்கொட்டை!" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டிக்கொட்டை விஷம் அல்லவா? அதைத் தின்று செத்தவர்களின் கேஸ் எங்கள் தொழிலில் கேள்விப்படாதது அல்ல. "என்னய்யா, யாருக்கு விஷம் வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "உட்காரு தம்பி. ஒனக்கும் ஒரு மருந்து பாத்துச் சொல்றேன்" என்றார்.

ஆளைப் பார்த்து மருந்து

விஷயம் இதுதான்.

ஹோமியோபதியில் வியாதியின் பெயரை மட்டும் கேட்டு மருந்து கொடுப்பது கிடையாது. ஒருவருக்குத் தலைவலி என்றால், "எந்த நேரத்தில் வலிக்கிறது? வெயிலில் கூடுகிறதா? வலிக்கும்போது யாராவது ஆறுதல் சொன்னால் பிடிக்கிறதா, எரிச்சல் வருகிறதா? அழுகை வருமா? நாலு பேர் முன்னால் அழுவீர்களா, தனியாக அழுவீர்களா?" என்று கேட்டுக் கொண்டே போவார்கள். முதல் தடவை போனால் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஒரே தலைவலிக்கு நாலு பேருக்கு நாலு மருந்து!

இதைத் தொடங்கியவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் டாக்டர். 1755-ல் மைசன் என்ற ஊரில் பிறந்தவர். 1790-ல் மலேரியா காய்ச்சலுக்குக் கொடுக்கும் சிங்கோனா பட்டையைத் தானே தின்று பார்த்தார். தனக்குக் காய்ச்சல் மாதிரியே குறிகள் வந்ததாக எழுதி வைத்தார். எது ஒரு தொந்தரவை உண்டாக்குமோ அதுவே அதைத் தீர்க்கும் என்று அதிலிருந்து முடிவு கட்டினார்.

பிறகு நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு பொருளாகக் கொடுத்து, உடம்பில் என்ன ஆகிறது, மனதில் என்ன ஆகிறது என்று குறித்துக் கொண்டார்கள். "காரணம் இல்லாமல் கோபம்", "அழுகை", "சந்தேகம்" எல்லாம் அந்தக் குறிப்பில் ஏறியது. இப்படித்தான் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம் ஒட்டிக் கொண்டது.

1810-ல் வெளிவந்த "ஆர்கனான்" என்பது ஹானிமனின் முக்கியமான புத்தகம். சாந்தமான, மந்தமான சுபாவக்காரருக்கு நக்ஸ்வாமிகா அனேகமாக வேலை செய்யாது, சந்தோஷமும் பிடிவாதமும் உள்ளவருக்குப் பல்சடில்லா வேலை செய்யாது என்று அதில் 213-வது பத்தியில் அவரே சொல்லி இருக்கிறார்.

பின்னால் வந்தவர்கள் அதை ஊதி ஊதிப் பெரிதாக்கினார்கள். 1849-ல் பிறந்த அமெரிக்க டாக்டர் கென்ட் என்பவர், மனக் குறிக்குத்தான் முதல் இடம் என்றார். கேத்தரின் கூல்டர் என்ற பெண்மணி 1980-களில் எழுதிய புத்தகத்தில், ஆங்கில நாவல்களில் வரும் பாத்திரங்களையே பிடித்து, இவர் இந்த மருந்து, அவர் அந்த மருந்து என்று வகை பிரித்தார்.

அவருக்கு ஆங்கில நாவல். நம் பெரியவருக்கு டி.வி. நாடகம். அவ்வளவுதான் வித்தியாசம்!

"வீட்டுல புலி, வெளில எலி"

எட்டிக்கொட்டைதான் நக்ஸ்வாமிகா. அந்த மருந்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆசாமி எப்படி? தான் வைத்ததுதான் சட்டம் என்பான். எதிர்த்துப் பேசினால் பொறுக்க மாட்டான். எல்லாம் உடனே நடக்க வேண்டும். காப்பி, சாராயம், காரசாரமான சாப்பாடு வேண்டும். வயிறு கெட்டுப் போயிருக்கும். விடியற்காலம் மூன்று மணிக்கு விழித்துக் கொண்டு தொழிலைப் பற்றிக் கணக்குப் போடுவான்.

"எதிர்நீச்சல்" பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? 2022-ல் தொடங்கி 2024 வரை ஓடிய அந்த நாடகத்தில், வீட்டுப் பெண்களை அதட்டியே அடக்கி வைத்த ஆதி குணசேகரனைத் தெரியாத டீக்கடை தமிழ்நாட்டில் உண்டா?

ஆனால் ஆபீஸ்காரர் தகராறு செய்தார். "சார், அந்தாளு நக்ஸ்வாமிகா இல்ல, லைகோபோடியம்! வெளில பெரிய மனுஷன் வேஷம். உள்ளுக்குள்ள பயம். அவமானம் ஆயிடுமோன்னு பயம்."

பெரியவர் ஒப்புக் கொள்ளவில்லை. "லைகோபோடியம்னா கோபி" என்று அடித்துச் சொன்னார்.

2020-ல் தொடங்கிய "பாக்கியலட்சுமி" நாடகத்தின் கோபிநாத்தான் அவர். வீட்டில் மனைவியைப் படிப்பு இல்லாதவள், இங்கிலீஷ் தெரியாதவள் என்று மட்டம் தட்டுவார். வெளியே ராதிகாவிடம் குழைவார். உண்மை தெரியப் போகிறது என்றால் நடுங்குவார். லைகோபோடியம் என்பது ஒருவகைச் செடியின் தூளில் இருந்து எடுப்பது. "வீட்டுல புலி, வெளில எலி" என்பது பெரியவர் அதற்குக் கொடுத்த மொழிபெயர்ப்பு.

கோபி விஷயத்தில் கோர்ட்டில் எதிர்ப்பு இல்லை. பெண்கள் கைதட்டாத குறை!

பாக்கியா? தொடக்கத்தில் பல்சடில்லா என்றார்கள். அது ஒரு பூச்செடி. அந்த மருந்துக்காரர் இளகிய மனசு, யார் சொன்னாலும் சரி என்பார், சட்டென்று கண்ணீர், அணைத்துப் பேசினால் ஆறிவிடும். ஆனால் கோபியை விட்டுப் பிரிந்து, சமையல் காண்டிராக்ட் எடுத்து, தன் காலில் நின்ற பிறகு? அவள் பழைய பாக்கியா இல்லையே! இங்கே பெரியவர் கொஞ்சம் திணறினார். "மேல் குணம் உரிஞ்சு உள் குணம் வருது" என்று சமாளித்தார். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகக் குணம் இருக்கும் என்று ஹோமியோபதிக்காரர்கள் சொல்வது உண்டு.

எனக்கு ஒன்று தோன்றியது, கேட்கவில்லை. ஆயிரம் பகுதி ஓடுகிற நாடகத்தில் கதை எழுதுபவர் மாறினால் குணமும் மாறுகிறது. அதற்கு என்ன மாத்திரை?

பாம்பு விஷம் யாருக்கு?

பெரிய ரகளை நடந்தது "லாக்கசிஸ்" விஷயத்தில்தான்.

லாக்கசிஸ் என்பது தென் அமெரிக்கப் பாம்பு ஒன்றின் விஷம். கான்ஸ்டன்டைன் ஹெரிங் என்ற டாக்டர், சுரினாம் நாட்டில் இருந்தபோது 1828-ல் அந்தப் பாம்பைப் பிடிக்கச் செய்து, அதன் விஷத்தைக் கையாண்டு ஆராய்ச்சி செய்தார். அந்த மருந்தின் குணம் ஓயாத பேச்சு, பொறாமை, சந்தேகம். கழுத்தில் எதையும் இறுக்கிக் கட்டப் பிடிக்காது.

"தெய்வமகள்" காயத்ரிக்கு அந்தப் பட்டம் ஏகமனதாகக் கொடுக்கப்பட்டது. 2013 முதல் 2018 வரை அந்த அண்ணியார் செய்த சூழ்ச்சிகளை மறந்தவர்கள் அந்தத் திண்ணையில் இல்லை.

ஆனால் பெரியவர் அதோடு நிற்கவில்லை. "எதிர்நீச்சல் நந்தினியும் லாக்கசிஸ்தான். பேசிக்கிட்டே இருக்கால்ல?" என்றார்.

அவ்வளவுதான்! பூக்கார அம்மாள் பூவைக் கீழே வைத்துவிட்டார். "அது வாய்த் துடுக்கு. வெள்ளந்தி மனசு. அந்தப் புள்ளைய போய்ப் பாம்புன்றீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தார். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அன்றைக்கு நந்தினிக்கு ஜாமீன்!

பழைய கேஸ்களும் வருகின்றன. 2002 முதல் 2005 வரை வந்த "மெட்டி ஒலி"யில் ஐந்து பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் அப்பா சிதம்பரம். மாமியார் வீட்டில் அவமானத்தை விழுங்கிய சரோ. சரோவுக்கு ஸ்டாபிசாக்ரியா என்றார்கள். பட்ட அவமானத்தை வாய் திறந்து சொல்ல முடியாமல் உள்ளுக்குள் கொதிப்பவர்களின் மருந்து அது. "கோலங்கள்" அபி வந்தாள். அவள் ஒரு மருந்துக்குள் அடங்கவில்லை. 2003-ல் இருந்து 2009 வரை பட்ட கஷ்டத்துக்கு ஒரு மருந்துக் கடையே வேண்டும்!

"சிறகடிக்க ஆசை" ரோகிணிக்கு என்ன என்று காலேஜ் பெண் கேட்டாள். முந்தைய வாழ்க்கையையே மறைத்துக் கல்யாணம் செய்து கொண்டவள் ஆயிற்றே! பெரியவர் புத்தகத்தைப் புரட்டினார். "பொய்யிக்கு இதுல மருந்து கம்மிம்மா" என்றார்.

ஈஸ்வரிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. உப்பு! சாப்பாட்டில் போடுகிறோமே, அதே உப்புதான். "நேட்ரம் மூர்" என்று பெயர். துக்கத்தை உள்ளேயே பூட்டி வைப்பவர். யார் முன்னாலும் அழமாட்டார். ஆறுதல் சொன்னால் எரிச்சல் வரும். பட்ட புண்ணை வருஷக் கணக்கில் மறக்கமாட்டார். வெயிலில் தலைவலி. சாப்பாட்டில் உப்பு கூடுதலாகக் கேட்பார். குணசேகரனின் மனைவியாக அந்த வீட்டில் ஈஸ்வரி வாய் மூடி இருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

"நானும் உப்புதான்" என்றார், அதுவரை பேசாமல் இருந்த தையல்கார அக்காள்.

அதை அவர் சொன்ன விதத்தில் திண்ணையில் இருந்த சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

மாத்திரையில் என்ன இருக்கிறது?

அக்காள் கதைக்குப் பிறகு வருகிறேன். வாசகர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

எட்டிக்கொட்டை என்றதும் நான் பயந்தேனே, அந்தப் பயம் கடையில் விற்கும் 30 நம்பர், 200 நம்பர் மாத்திரைக்குத் தேவை இல்லை. ஏன்? அதில் எட்டிக்கொட்டை இல்லை!

ஒரு பங்கு சாற்றில் 99 பங்கு சாராயம் கலந்து குலுக்குவார்கள். அதில் ஒரு பங்கு எடுத்து மறுபடி 99 பங்கு கலப்பார்கள். இப்படி 30 தடவை செய்தால் அது 30 நம்பர். அதைச் சர்க்கரை உருண்டையில் ஊற்றித் தருகிறார்கள். பன்னிரண்டு தடவை தாண்டிய பிறகு மூலப் பொருளின் ஓர் அணுக்கூறு மிஞ்சுவதே சந்தேகம் என்பது ரசாயனக் கணக்கு. வங்காள விரிகுடாவில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினால்கூட இதைவிட இனிப்பாக இருக்கும்!

ஆனால் "தாய் டிங்சர்" என்று கலக்காமல் விற்பது வேறு. அதில் சரக்கு இருக்கிறது. அதை யாரும் தானாக வாங்கிக் குடிக்கக் கூடாது.

சரி, அணுக்கூறே இல்லாத மாத்திரை வேலை செய்யுமா? ஆஸ்திரேலியாவில் அரசாங்க மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், நூற்றுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் அறிக்கை வெளியிட்டது. எந்த வியாதிக்கும் ஹோமியோபதி கேட்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. பிரான்சில் இந்த மருந்துகளுக்கு அரசு காப்பீட்டில் பணம் கொடுத்து வந்தார்கள். 2021-ல் அதை நிறுத்தி விட்டார்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. ஹோமியோபதிக்கு 1973-ல் தனிச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2020-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் 1975-ல் இருந்து அரசு ஹோமியோபதி கல்லூரி இருக்கிறது. பி.எச்.எம்.எஸ். பட்டத்துக்குப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். படித்துப் பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம்.

இதைச் சொல்லிப் பெரியவரைப் பார்த்தேன். போலி டாக்டர் கேஸ் எத்தனையோ எழுதி இருக்கிறோம் அல்லவா?

"நான் யாருக்கும் மருந்து குடுக்கறது இல்ல தம்பி. பேரு மட்டும்தான் சொல்றேன்" என்றார். முகம் சுருங்கிவிட்டது.

பேரைச் சொன்னால் போதுமே! கடை இருக்கிறது. மாத்திரை இனிப்பாக இருக்கிறது. விலையும் குறைவு.

பச்சரிசி தின்ற அக்காள்

தையல்கார அக்காள் அப்படித்தான் வாங்கினார். நேட்ரம் மூர், 200 நம்பர். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நாலு மாதம்!

வயது நாற்பத்தி இரண்டு. ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரர். கொஞ்ச நாளாக உடம்பில் சத்தே இல்லை. மிஷினை மிதித்தால் மூச்சு வாங்கியது. தலைவலி. எதற்கெடுத்தாலும் எரிச்சல். தனியாக இருக்கும்போது அழுகை. பிள்ளைகள் வந்து "ஏம்மா?" என்றால் கோபம். இதற்கெல்லாம் மேல் ஒரு விசித்திரப் பழக்கம். பச்சரிசியைப் பிடி பிடியாக அள்ளி மென்று கொண்டே தைப்பார்.

திண்ணைப் புத்தகத்தில் இது எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது! எரிச்சல், தனி அழுகை, ஆறுதல் பிடிக்காதது, தலைவலி... அப்படியே ஈஸ்வரி! அப்படியே உப்பு!

ஒருநாள் துணி வாங்கப் போய்விட்டு வந்தவர், ஆவடி ரெயில் நிலையத்தில் படிக்கட்டு ஏறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். அதே ரெயிலில் வந்த காலேஜ் பெண்தான் தண்ணீர் கொடுத்து எழுப்பினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க அக்கா" என்றாள்.

"அதெல்லாம் வேணாம். இனிப்பு மாத்திரை டாக்டர் யாராச்சும் இருந்தா வரேன்" என்றார் அக்காள்.

பட்டம் பெற்ற ஹோமியோபதி டாக்டர் ஒருவரிடமே கூட்டிக் கொண்டு போனாள். இனி நடந்ததை அக்காள் வாயாலேயே கேளுங்கள். அவர் என்னிடம் கூறியதாவது:-

"உள்ள போன ஒடனே, டாக்டர், நான் எதிர்நீச்சல் ஈஸ்வரி மாதிரி, எனக்கு உப்பு மாத்திரைதான் செட் ஆவும்னு சொன்னேன். அவரு சிரிக்கல. கிட்ட வந்து கண்ணோட கீழ் எமைய இழுத்துப் பாத்தாரு. நகத்தைப் பாத்தாரு. அரிசி தின்றியாம்மான்னு கேட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மாசாமாசம் எத்தினி நாளு போவுதுன்னு கேட்டாரு. பத்து நாளு, பன்னண்டு நாளுன்னேன். இது உன் குணம் இல்லம்மா, உன் ரத்தம்னாரு. மொதல்ல டெஸ்ட் எடு, அப்புறம் என்கிட்ட வான்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு."

ஹீமோகுளோபின் 6.8!

பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி. புற்று அல்ல, சாதாரணக் கட்டிதான். ஆனால் மாதா மாதம் ரத்தத்தை வெளியே கொட்டிக் கொண்டிருந்தது.

மூச்சு வாங்கியதும், எரிச்சலும், தலைவலியும் ரத்தம் இல்லாததால் வந்தவை. பச்சரிசி, சாம்பல், ஐஸ் கட்டி என்று கண்டதைத் தின்னத் தோன்றுவது இரும்புச் சத்துக் குறைவில் அடிக்கடி காண்பது. இது ஏதோ ஒரு வீட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரெயில் பெட்டியில் எதிரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களில் ஒருவர்! "எப்பப் பாத்தாலும் சிடுசிடுப்பு" என்று நாம் பெயர் வைத்திருக்கும் மனைவியும் அக்காளும் அந்தக் கணக்கில் இருக்கலாம்.

"உங்க வீட்டு குணசேகரன் யாரு?"

ஆனால் கதை அதோடு முடியவில்லை.

சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டர், அக்காள் எழுந்திருக்கும்போது இன்னொன்று கேட்டாராம். "நீங்க ஈஸ்வரின்னா, உங்க வீட்டு குணசேகரன் யாரும்மா?"

அக்காள் பேசவில்லை. காலேஜ் பெண்ணை வெளியே உட்காரச் சொன்னார்கள். அரை மணி நேரம் ஆயிற்றாம்.

அடி, உதை என்று எதுவும் கிடையாது. ஆனால் தைத்த கூலி முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். பஸ் காசுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். ரத்தம் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார். "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்திருக்கிறது. இனிப்பு மாத்திரை வாங்கிய காரணமும் அதுதான். அந்தக் காசைக் கணக்கில் மறைக்க முடிந்தது!

நான் மகளிர் போலீஸ் நிலையங்களுக்கு அடிக்கடி போகிறவன். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் போலீஸ் நிலையம் தொடங்கியதில் இருந்து மனு எழுதுவது சுலபமாகத்தான் ஆகி இருக்கிறது. வாய் திறப்பதுதான் சுலபம் ஆகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "என் புருஷன்..." என்று தொடங்கி, முந்தானையை வாயில் வைத்துக் கொண்டு எழுந்து போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களே டி.வி.யில் வரும் புருஷனைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்! சொந்தக் கதையைச் சொல்ல மானம் தடுக்கிறது. ஈஸ்வரி கதையைச் சொல்ல யார் தடுப்பார்கள்?

சம்பாத்தியத்தைப் பிடுங்கிக் கொள்வதும் குடும்ப வன்முறைதான் என்று 2005-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 181-க்குப் போன் செய்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். அக்காளுக்கு இது தெரியாது. திண்ணையில் யாருக்குமே தெரியவில்லை. நேட்ரம் மூர் தெரிகிறது, 181 தெரியவில்லை!

அந்த டாக்டரை நான் போய்ப் பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்.

"நான் படிச்ச வைத்தியத்த நான் நம்புறேன். நீங்க நம்பலைன்னா அது உங்க இஷ்டம்" என்றார் நேராக. "ஆனா டி.வி.யில வர்றவங்களுக்கு ரெண்டு குணம்தான் சார் எழுதறாங்க. மனுஷனுக்கு ரத்தம் இருக்கு, தைராய்டு இருக்கு, கடன் இருக்கு, மாமியார் இருக்கு. நாடகத்தைப் பாத்து மருந்து எடுக்கிறவங்க என்கிட்ட நிறைய வர்றாங்க. மொதல்ல டெஸ்ட்டுக்குத்தான் அனுப்பறேன். பாதிப் பேரு கோவிச்சுக்கிட்டுப் போயிடுறாங்க."

ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் எட்டிக்கொட்டை என்று தீர்ப்புச் சொன்ன குணசேகரனாக நடித்தவர் மாரிமுத்து. டைரக்டராகவும் இருந்தவர். 2023 செப்டம்பர் 8-ந் தேதி காலை அந்த நாடகத்துக்குக் குரல் கொடுத்துக் கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்தது. தானே காரை ஓட்டிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். காப்பாற்ற முடியவில்லை. பிறகு அதே பாத்திரத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். அதட்டல் தொடர்ந்தது. திண்ணையில் அன்றைக்கு யாரும் தீர்ப்புச் சொல்லவில்லையாம். "நம்ம வீட்டு ஆளு போன மாதிரி இருந்துச்சு" என்றார் பூக்கார அம்மாள். நெஞ்சு வலி வந்தால் காரையும் ஸ்கூட்டரையும் தொடாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

மீண்டும் திண்ணை

அக்காளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இரும்புச் சத்து மாத்திரை தொடர்கிறது. கட்டிக்கும் வைத்தியம் நடக்கிறது. காலேஜ் பெண் கூடவே போய் வருகிறாள். கடைசியாக எடுத்த டெஸ்ட்டில் 11-க்கு வந்திருக்கிறது. பச்சரிசி டப்பாவை மிஷின் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன நோட்டு. தைத்த ரவிக்கைக்குக் கூலி எவ்வளவு என்று அவரே எழுதி வைக்கிறார்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"நோட்டு எதுக்குன்னு கேட்டாரு. டாக்டர் எழுதச் சொன்னாருன்னு சொல்லிட்டேன்" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ரோகிணிக்கு இல்லாத மருந்து அக்காளுக்கும் வேண்டாம்!

போன வாரம் ஸ்கூட்டர் விஷயமாக மறுபடி அந்தத் தெருவுக்குப் போனேன். (இன்னும் கிடைக்கவில்லை.) கோர்ட்டு கூடி இருந்தது. 2024 டிசம்பரில் "எதிர்நீச்சல்" இரண்டாவது தடவை தொடங்கியதில் இருந்து வழக்குகள் பெருகிவிட்டன.

"இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"அழுகை நின்னு போச்சு தம்பி. கோவம் மட்டும் இருக்கு. நல்லா, கெட்டியா இருக்கு" என்றார்.

பெரியவர் காதில் அது விழுந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு புத்தகத்தை வேகமாகப் புரட்டினார். "அழுகை போயி கோவம் வந்துச்சுன்னா... அப்ப இது நேட்ரம் மூர் இல்ல... ஸ்டாபிசாக்ரியா பாக்கணும்..."

"புத்தகத்தை மூடுங்க ஐயா" என்றார் அக்காள், ஊசியில் நூலைக் கோத்துக் கொண்டே. "எனக்கு நாளைக்கு ஆறு ரவிக்கை குடுக்கணும்."